ஒயர்கட் கல்வி: நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தென் திருவிதாங்கூரின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தைச் சேர, அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே சென்ற எல்லைக்கோடு கல்யாணத்தையோ சந்தையையோ கோயில் திருவிழாவையோ தடுத்ததில்லை. பாறசாலையிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் வசித்து வருகின்றன. ஆனால் தொழில் கற்பதென்று வரும்போது, எந்த நிலையத்தில் சேர்வது, எந்த மொழியில் படிப்பது, எவ்வூர்ப் பட்டறையில் பழகுவது என்ற மூன்று கேள்விகளிலும் அந்தக் கோடு குறுக்கிடுகிறது. பள்ளிப்படிப்பையோ ஐ.டி.ஐ. படிப்பையோ முடித்த இக்கிராமத்து இளைஞன் ஒருவன், பட்டறைகளில் ‘ஒயர்கட்’ என்று வழங்கும் கம்பிவழி மின்பொறி வெட்டு யந்திரத்துக்கு நிரல் எழுதவும் அதை ஓட்டவும் எவ்வாறு கற்பது, எங்கே கற்பது, எந்தக் கிரமத்தில் கற்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதில் நிலவும் அபிப்பிராயங்கள் மூன்று. கணினியில் படம் வரைந்தால் நிரல் தானே உருவாகிவிடும் இக்காலத்தில், மென்பொருளைக் கற்றவன் யந்திரத்தைக் கற்றவனே என்பது முதலாவது. நகரங்களில் சில வாரப் பயிற்சி வகுப்புகள் நடத்துவோர் இதனையே சொல்கின்றனர். பட்டறையில் மூத்த ஆப்பரேட்டரின் அருகில் நின்று பார்த்துப் பழகுவதே கல்வி, மற்றவை வீண் என்பது இரண்டாவது. கருவி செய்யும் கலையாகிய டூல்ரூம் கல்வி தரும் பெருநிலையங்களில் மூன்று நான்கு ஆண்டுகள் முறையாகப் பயின்றாலன்றி இவ்வித்தை கைவராது என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மையுண்டு, மூன்றும் குறையுடையன. நிரலும் பொத்தான்களும் இக்கல்வியின் சிறு பங்கே ஆகும் என்பதும், வெட்டு தொடங்குவதற்கு முன்பு எடுக்கவேண்டிய தீர்மானங்களே அதன் பெரும்பங்கு என்பதும், அத்தீர்மானங்களைக் கற்பிக்கும் இடைக்கட்டம்தான் இப்பகுதியில் இல்லாமலிருக்கிறது என்பதும் இங்கே நிலைநாட்ட முயலும் முடிவுகள்.

2. யந்திரம் வந்த வழி

மின்பொறி உலோகத்தை அரிக்கும் என்பதை இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். எனினும் அது ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் பிரயோஜனமற்ற ஒரு செய்தியாகவே கிடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, மின்தொடர்பு முனைகள் பொறியினால் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடும் பணியை மாஸ்கோவில் மேற்கொண்டிருந்த லாசரெங்கோ தம்பதியர், முனைகளை எண்ணெயில் அமிழ்த்திப் பார்த்தபோது தேய்மானம் நிற்கவில்லை என்பதையும், ஆனால் பொறிகள் முன்னைவிட ஒழுங்காக விழுகின்றன என்பதையும் கண்டு, தடுக்கவேண்டிய தீங்கையே உலோகத்தைச் செதுக்கும் உபாயமாக 1943-ஆம் ஆண்டில் மாற்றியமைத்தனர். இவ்விதம் பிறந்த பொறியரிப்பு முறையில் முதலில் அச்சுப்போன்ற திண்ணிய மின்முனையே பயன்பட்டது. அதற்குப் பதிலாக ஓடிக்கொண்டேயிருக்கும் மெல்லிய கம்பியை மின்முனையாக்கி, எண்முறைக் கட்டுப்பாட்டினால் அதை வழிநடத்தும் யந்திரத்தைச் சுவிட்சர்லாந்தின் ஆஜி நிறுவனம் 1969-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் ஜப்பானின் மிட்சுபிஷி, சோடிக், ஃபானுக் முதலிய நிறுவனங்கள் இத்துறையில் முன்னணிக்கு வந்தன. நம் நாட்டில் புனே நகரத்து எலெக்ட்ரானிகா நிறுவனத்தின் யந்திரங்கள் சிறுபட்டறைகள் வரை சென்று பரவின.

இந்த வருகையினால் மாறியது என்ன என்பதை அறிந்தாலன்றிக் கற்கவேண்டியது என்ன என்பது விளங்காது. முற்காலத்தில், தகட்டிலிருந்து துண்டுகளை அடித்தெடுக்கும் கருவியான பஞ்சையும், அது இறங்கும் துவாரமுள்ள டையையும் ஃபிட்டர் அரத்தினால் ராவிப் பொருத்தினார். பொருத்தி முடிந்த பிறகு எஃகைக் கடினமாக்குவதற்காகச் சூளையில் இட்டுக் குளிர்விக்கும்போது அது நெளிந்து, நாள்கணக்கில் ராவிய அளவு கெட்டுப்போவதும் உண்டு. ஒயர்கட் வந்தபின், முதலில் எஃகைக் கடினமாக்கிவிட்டுப் பின்னர் வெட்டலாம் என்றாயிற்று. பொறிக்கு எஃகின் கடினம் ஒரு பொருட்டன்று. மின்சாரம் பாயும் உலோகம் எதுவாயினும், பட்டறைகளில் ‘டி2’ என்று வாங்கும் டை எஃகாயினும், டைட்டானியமாயினும், கார்பைடாயினும் வெட்டுப்படும். ஆகவே ஃபிட்டரின் கையிலிருந்த திறமையில் ஒரு பகுதியை யந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருடைய மனத்திலிருந்த திறமையை, அதாவது எங்கே இடைவெளி வேண்டும், எந்த முகத்தை ஆதாரமாகக் கொள்வது, எஃகு எந்தப் பக்கம் இழுக்கும் என்பனவற்றை, யந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த விவேகம் இப்போது ஆப்பரேட்டரிடம் இருக்கவேண்டும். அல்லது எவரிடமும் இல்லாமற்போகும்.

3. வெட்டு நிகழும் விதம்

சாதாரணமாகப் பயன்படும் பித்தளைக் கம்பியின் விட்டம் 0.25 மி.மீ. அது மேல் வழிகாட்டியிலிருந்து கீழ் வழிகாட்டிக்கு இழுவிசையோடு ஓடும்போது, மேலும் கீழும் உள்ள நாசில்களிலிருந்து சுத்திகரித்த நீர் அதைச் சூழ்ந்து பாய்கிறது. கம்பிக்கும் எஃகுக்கும் இடையே மின்னழுத்தம் ஏறி, இடைவெளி போதிய அளவு குறுகியவுடன் நீரின் மின்காப்பு ஒரு புள்ளியில் உடைந்து, பொறி பாய்கிறது. அப்புள்ளியில் சில ஆயிரம் டிகிரி வெப்பம் கணநேரம் தோன்றி, எஃகின் நுண்துகள் ஒன்று உருகிப் பிரிகிறது. மின்சாரம் நின்றவுடன் நீர் அத்துகளை அடித்துக்கொண்டு போகிறது. இது வினாடிக்குப் பல ஆயிரம் தடவை நிகழ்கிறது. கம்பி எஃகைத் தொடுவதே இல்லை. தொட்டால் வெட்டு நின்று, யந்திரம் பின்வாங்குகிறது.

இந்தச் சிறு விவரணத்துக்குள்ளேயே ஆப்பரேட்டர் கற்கவேண்டிய காரணகாரியத் தொடர்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. மின்துடிப்பு நீடிக்கும் நேரத்தைக் கூட்டினால் பெரிய துகள் பிரியும். வேகம் மிகும், முகம் சொரசொரப்பாகும், கம்பியின் மீதும் அடி மிகும். துடிப்புகளுக்கு இடையிலுள்ள ஓய்வைக் குறைத்தால் வேகம் கூடும். ஆனால் துகளைக் கழுவ நேரம் போதாமல் ஒரே இடத்தில் பொறி குவிந்து கம்பி அறும். நீரின் மின்கடத்துத்திறன் ஏறிவிட்டால் பொறி விழுவதற்கு முன்பே மின்சாரம் கசியும்; ஆதலால் ரெசின் தொட்டியின் வழியே நீரைச் செலுத்தி அதைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். கம்பியின் இழுவிசை குறைந்தால் நடுவில் வளைந்து, தடித்த எஃகுப் பிளாக்கின் நடுப்பகுதியில் அளவு மாறும், மிகுந்தால் அறும். ஆகவே இங்கு எந்த எண்ணும் தனித்து நிற்பதில்லை. யந்திரத்தோடு வரும் அட்டவணையில் உலோகத்துக்கும் தடிமனுக்கும் ஏற்ற எண்கள் தரப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் அது புதிய நீர், புதிய வழிகாட்டி, சுத்தமான எஃகு ஆகியவற்றை உத்தேசித்து எழுதியது. பழகிய யந்திரத்தில் அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகுவது என்பதைக் காரணம் அறிந்தவனே தீர்மானிக்க முடியும்.

4. நிரல் எழுதுதல்

நிரல் என்பது கம்பியின் மையம் செல்லவேண்டிய பாதையை யந்திரத்துக்குச் சொல்லும் வரிகளின் தொகுதி. ஜி01 என்றால் நேர்கோடு. ஜி02 வலஞ்சுழி வில். ஜி03 இடஞ்சுழி வில். ஜி92 தொடக்கப்புள்ளியின் ஆயங்களை நிர்ணயிப்பது. ஜி41, ஜி42 என்பன கம்பி கோட்டின் இடப்புறமாக விலகுவதா வலப்புறமாக விலகுவதா என்று சொல்வன. ஜி40 அவ்விலகலை நீக்குவது. கணக்கில் ஓரளவு பழக்கமுள்ள மாணவன் இவற்றைச் சில நாட்களில் மனனம் செய்துவிடுவான். இடர் இருப்பது விலகல் என்னும் ஆப்செட்டில்.

ஓர் உதாரணத்தை முழுமையாக எடுத்துக்கொள்வோம். 1 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகட்டிலிருந்து, பக்கத்துக்கு 20 மி.மீ. உள்ள சதுரத் துண்டுகளை அடித்தெடுக்க ஒரு டையும் பஞ்சும் வேண்டும். இவ்வகை வேலையில் விழும் துண்டின் அளவை நிர்ணயிப்பது டை. ஆகவே டையின் துவாரம் 20.00 மி.மீ. பக்கத்துக்கு 0.05 மி.மீ. இடைவெளி விட்டால் பஞ்சு 19.90 மி.மீ. ஆகும். கம்பியின் ஆரம் 0.125, பொறி பாயும் இடைவெளி ஏறக்குறைய 0.025, இரண்டும் சேர்ந்த 0.15 மி.மீ. ஆப்செட். எனவே டையை வெட்டும்போது கம்பியின் மையம் 19.70 மி.மீ. சதுரத்திலும், பஞ்சை வெட்டும்போது 20.20 மி.மீ. சதுரத்திலும் நடக்கவேண்டும். டையின் கோட்டில் இடஞ்சுழியாகச் சென்றால் துவாரத்தின் உட்புறம் இடப்பக்கத்தில் அமைவதால் ஜி41 பொருந்தும். அதே இடஞ்சுழியில் பஞ்சைச் சுற்றினால் கம்பி வெளிப்புறம் நிற்கவேண்டும் ஆதலால் ஜி42 வேண்டும். ஆப்செட்டையே மறந்தவனுக்கு 20.30 மி.மீ. துவாரமும், பக்கத்தை மாற்றிக் கொடுத்தவனுக்கு 20.60 மி.மீ. துவாரமும் கிடைக்கும், கடினமாக்கி, அரைத்து, நாள்கணக்காகத் தயாரித்த பிளாக் பழைய இரும்பாகும்.

இதற்குமேலும் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பி உருண்டையானது, ஆகவே டையின் உள்மூலை எவ்வளவு கூர்மையாக வரையப்பட்டிருப்பினும் 0.15 மி.மீ. ஆரமுள்ள வளைவாகவே வெட்டுப்படும். பஞ்சின் வெளிமூலையைக் கூர்மையாக விட்டுவிட்டால், பக்கங்களில் 0.05 ஆக இருந்த இடைவெளி மூலையில் அநேகமாக மறைந்து, சில ஆயிரம் அடிகளில் அங்கேயே விளிம்பு பொரியும். ஆதலால் பஞ்சின் மூலைக்கு 0.10 மி.மீ. ஆரம் கொடுக்கவேண்டும். சாதாரண மென்பொருள் இதைத் தானாகச் சொல்வதில்லை, ஏனெனில் வரையப்பட்ட கோட்டைத் தவிர, அக்கோடு எந்த வேலைக்கு என்பது அதற்குத் தெரியாது. மென்பொருளே கல்வி என்னும் முதல் அபிப்பிராயம் இவ்விடத்தில் தடைப்படுகிறது. பஞ்சும் டையும் என்ன செய்கின்றன என்பதை அறியாதவன் எழுதிய பிழையற்ற நிரல், பிழையான கருவியையே தரும்.

5. யந்திரத்தை ஓட்டுதல்

நிரல் சரியாயிருந்தும் வேலை கெடுவது பெரும்பாலும் பிளாக்கை மேசைமேல் வைக்கும் கட்டத்தில்தான். ஆதார முகத்தை டயல் வைத்து ஓட்டிப் பார்த்து நேராக்குதல், கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று சோதித்தல், விளிம்பைத் தொட்டு மையம் கண்டுபிடித்தல், தொடக்கத் துவாரத்தில் கம்பியைக் கோத்தல் ஆகிய இவை நாலும் நிதானத்தைக் கேட்கும் காரியங்கள். தொடக்கத் துவாரத்தைச் சூளைக்குப் போவதற்கு முன்பே துளைத்திருக்கவேண்டும். கடினமாக்கிய எஃகில் சாதாரணத் துரப்பணம் இறங்காது. பஞ்சை வெட்டும்போது பிளாக்கின் விளிம்பிலிருந்து நுழைந்தால், எஃகுக்குள் அடைபட்டிருந்த விசை விடுபட்டுப் பிளாக் வாய் திறக்கும், அளவு ஓடும். உள்ளே துவாரமிட்டுத் தொடங்கினால் சுற்றிலும் உள்ள எஃகு அதைத் தாங்கி நிற்கும். இதைப் புத்தகத்தில் படித்தவன் மறப்பான்; ஒரு பஞ்சை இழந்தவன் மறப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவனும் ஒரு பஞ்சை இழந்துதான் அறியவேண்டும் என்பது பட்டறை முதலாளிகளால் தாங்கத்தக்க கல்விமுறை அன்று.

வெட்டு முடியும் தறுவாயிலும் ஓர் அபாயம் உண்டு. சுற்றி வந்த கம்பி கடைசிச் சில மில்லிமீட்டரை அறுக்கும்போது துண்டு சாய்ந்து கம்பியை அழுத்தும். டையின் கழிவுத் துண்டானால் யந்திரத்தை நிறுத்தி எடுத்துவிடலாம். விழுவது பஞ்சாக இருந்தால் அதுவே வேலைப்பொருள். ஆகவே சிறிது தூரம் வெட்டாமல் விட்டு, மின்சக்தியைக் குறைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை முகத்தை மெருகுவெட்டு வெட்டிய பிறகே, துண்டைப் பிடித்துக்கொண்டு எஞ்சியதை அறுக்கவேண்டும்.

கம்பி அறுவதற்குரிய காரணங்களை வகைப்படுத்தத் தெரிந்தவனே ஆப்பரேட்டர் என்று பட்டறைகளில் கருதப்படுகிறான். நீர் அழுத்தம் குறைவு, நாசிலுக்கும் பிளாக்குக்கும் இடையே அதிக தூரம், மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுக்கும் கார்பைடுத் துண்டில் விழுந்த பள்ளம், தேய்ந்த வழிகாட்டி, சூளையிலிருந்து வந்த கருஞ்செதிளை அரைக்காமல் விட்ட எஃகு, மிகுந்த மின்துடிப்பு, தாழ்ந்த தரக் கம்பி என்று அவை பலவாகும். அநுபவமற்றவன் கம்பி அறுந்தவுடன் மின்சக்தியைக் குறைத்துவிட்டு மெதுவாக ஓட்டுவான். வேலை நடக்கும், ஆனால் மூல காரணம் அப்படியே இருக்கும், இரண்டு மணி நேர வெட்டு நான்கு மணி நேரமாகும். வெட்டிய பரப்பைச் சதுர மில்லிமீட்டர் கணக்கில் அளந்து கூலி வாங்கும் ஜாப் ஒர்க் பட்டறையில் இந்த வித்தியாசமே லாபநஷ்டம். 50 மி.மீ. தடிமனுள்ள பிளாக்கில் நிமிஷத்துக்கு 2 மி.மீ. முன்னேறும் கம்பி, நிமிஷத்துக்கு 100 சதுர மி.மீ. வெட்டுகிறது; அது பாதியாகக் குறைந்தால் யந்திரத்தின் வருமானமும் பாதியாகும், கம்பிச் செலவு மட்டும் குறையாது.

6. இருவகை யந்திரங்கள்

எந்த யந்திரத்தில் கற்பது என்ற கேள்வியில் அபிப்பிராய பேதம் உண்டு. மேலே கூறிய பித்தளைக் கம்பி யந்திரத்தில் கம்பி ஒருமுறை ஓடினால் கழிவாகிறது. 5 கிலோ எடையுள்ள ஒரு சுருளில் 0.25 மி.மீ. கம்பி ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இருக்கும்; பிரித்துப் போட்டால் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நீளக்கூடிய அச்சுருள், நிமிஷத்துக்கு 10 மீட்டர் வீதம் ஓடினால் ஒரே நாளில், 20 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சீனத்தில் உருவான மற்றொரு வகையில், 0.18 மி.மீ. மாலிப்டினம் கம்பி ஓர் உருளையிலிருந்து வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஓடி, அதே கம்பி பல நாட்கள் பயன்படுகிறது. நீருக்குப் பதிலாக எண்ணெய் கலந்த கரைசல் பாய்கிறது. முதல் வகை சில மைக்ரான் நுட்பத்தையும் மென்மையான முகத்தையும் தரும். இரண்டாவது அதனினும் பல மடங்கு கரடானது, ஆனால் விலையிலும் நடத்தும் செலவிலும் மலிவு.

மலிவான யந்திரத்தில் கற்றவன் கெட்ட பழக்கங்களைக் கற்பான் என்பர் ஒரு சாரார். அதை முழுவதும் மறுக்க இயலாது. முன்னும் பின்னும் ஓடும் கம்பி முகத்தில் விடும் கோடுகளைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, மெருகுவெட்டின் அவசியம் எளிதில் புலப்படுவதில்லை. எனினும் ஆரம்பக் கல்விக்கு மாலிப்டினம் யந்திரமே தக்கது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதில் கம்பியை மாணவனே உருளையில் சுற்றி, இழுவிசை வைத்து, கோக்கவேண்டும். ஆப்செட்டைத் தானே கணக்கிடவேண்டும். பொறியின் சப்தத்தையும் நிறத்தையும் அருகிலிருந்து கவனிக்கலாம். தவறு செய்தால் நஷ்டம் குறைவு. தானே கம்பி கோத்து, தானே எண்களைத் தேர்ந்துகொள்ளும் உயர்ந்த யந்திரம் காரணங்களை மறைத்துவிடுகிறது. காரணங்களைக் கற்றபின் அவ்யந்திரத்துக்கு மாறுவது சில வாரங்களில் கூடும். மறுதிசையில் மாறுவது கடினம்.

7. கற்கும் இடங்கள்

1950-இல் தொடங்கிய மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடக்கும் ஐ.டி.ஐ.க்களே இக்கிராமங்களுக்கு அண்மையானவை. எல்லைக்கு வடக்கே தனுவச்சபுரத்திலும், தெற்கே நாகர்கோவிலை அடுத்த கோணத்திலும் அரசினர் ஐ.டி.ஐ.க்கள் உள்ளன, நெய்யாற்றின்கரையிலும் கோணத்திலும் அரசினர் பாலிடெக்னிக்குகளும் உள்ளன. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் முதலிய பிரிவுகளில் மாணவன் அரம் பிடிக்கவும், மைக்ரோமீட்டர் பார்க்கவும், வரைபடம் வாசிக்கவும் கற்கிறான். இதுவே ஒயர்கட்டுக்கு மெய்யான அஸ்திவாரம். ஆனால் அதற்குமேல் கட்டிடம் எழும்புவதில்லை. டூல் அண்டு டை மேக்கர் பிரிவின் இரண்டாண்டுப் பாடத்திட்டத்தில் பொறியரிப்பு இடம்பெற்றிருந்தபோதிலும், பாடத்தில் இருப்பதும் யந்திரம் இருப்பதும் வேறுவேறு விஷயங்கள்.

மறுமுனையில் பெருநிலையங்கள் நிற்கின்றன. கேரளத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு: தலைச்சேரிக்கு அருகிலுள்ள நெட்டூரில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு 1959-இல் தொடங்கிய என்.டி.டி.எஃப். பயிற்சி நிலையம், இந்தியாவில் டூல்ரூம் கல்வியின் முன்னோடிகளுள் ஒன்று. ஹைதராபாத்தில் 1968-இல் நிறுவப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையமும், டென்மார்க்கு, ஜெர்மனி தேசங்களின் உதவியோடு பிற நகரங்களில் எழுந்த டூல்ரூம்களும் அதே மரபைச் சேர்ந்தவை. அங்கே முதல் ஆண்டு முழுவதும் அரமும் சிற்றுளியுமாகக் கழிந்து, அரைத்தல், கடைதல், வடிவமைத்தல் ஆகியவற்றின் வழியே இறுதியில்தான் மாணவன் ஒயர்கட் யந்திரத்தை அடைகிறான். இந்தக் கிரமம் மிகவும் சரியானது. ஆனால் மூன்று, நான்கு ஆண்டுகளும், அவற்றுக்குரிய கட்டணமும், வீட்டை விட்டுத் தங்கும் செலவும் ரப்பர் வெட்டும் கூலியிலும் கைத்தறிக் கூலியிலும் வாழும் குடும்பங்களுக்கு எளிதானவை அல்ல.

இரண்டுக்கும் நடுவே இருப்பது பட்டறை. கோயம்புத்தூர், ஓசூர், சென்னை அம்பத்தூர், பெங்களூரு பீண்யா முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் இவ்வழியே தொழில் கற்றிருக்கின்றனர். புதிதாக வருபவன் பிளாக்கைத் துடைத்து, ஃபில்டர் மாற்றி, இரவு ஷிஃப்டில் யந்திரத்தைக் காவல் காத்து, மெல்ல மெல்லக் கம்பி கோக்கவும் டயல் வைக்கவும் உரிமை பெறுகிறான். இம்முறையின் பலம், எல்லா வேலையும் மெய்யான வேலை என்பது. பலவீனம், ஏன் என்ற கேள்விக்கு அங்கே நேரமில்லை என்பது. ஒரே வகை வேலையை ஐந்தாண்டு செய்தவன் அதில் சமர்த்தனாகவும் மற்றவற்றில் ஆரம்ப மாணவனாகவும் இருப்பதைக் காண்கிறோம். பலர் நிரலைக் கையாலும் தொடுவதில்லை. அலுவலக அறையில் ஒருவர் எழுதி அனுப்ப, இவர் ஓட்டுவதோடு சரி. கோடும் வெட்டும் இவ்வாறு இருவருக்குப் பங்கானபின், தவறு நேரும்போது அதன் காரணம் இருவருக்குமே அகப்படுவதில்லை.

8. எல்லையின் பங்கு

தொழில்திறமை இவ்வெல்லையைக் கடப்பது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசு தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து நெசவாளர்களை அழைத்துவந்து பாலராமபுரத்தில் குடியமர்த்தியது; இன்று கேரளத்தின் பெயரால் விற்கும் கைத்தறி வேட்டிக்கு அதுவும் ஒரு மூலம். பின்னர் 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழும்பியதன் விளைவாகத் திருவனந்தபுரம் விண்வெளித் தொழிலுக்கு நிலைக்களமாயிற்று. நுட்பமான பாகங்களைச் செய்து தரும் சிறுதொழிற்கூடங்களுக்கும் அங்கே தேவை பிறந்தது. 1979-இல் திறந்த திருவனந்தபுரம் - கன்னியாகுமரி இருப்புப்பாதை பாறசாலை இளைஞனை வடக்கே திருவனந்தபுரத்துக்கும் தெற்கே நாகர்கோவிலுக்கும் நாள்தோறும் போய்வரக் கூடிய தூரத்தில் வைத்தது. பூகோளம் இவ்வளவு அநுகூலமாயிருக்க, தடை இரண்டு விஷயங்களில் எஞ்சியிருக்கிறது.

முதலாவது சேர்க்கை. அரசினர் நிலையங்களில் இடம் வழங்கும் முறை மாநில எல்லையை ஒட்டி அமைந்திருப்பதால், எல்லைக்கு வடக்கே வசிப்பவனுக்குக் கோணமும், தெற்கே வசிப்பவனுக்குத் தனுவச்சபுரமும் அருகிலிருந்தும் தொலைவாகின்றன. இரண்டாவது மொழி. யந்திரத்தின் திரை ஆங்கிலத்தில் பேசுகிறது; ஆசிரியர் மலையாளத்தில் விளக்குகிறார்; பின்னர் வேலை கோயம்புத்தூரில் கிடைத்தால் பட்டறைத் தமிழ் வேறொரு சொற்களஞ்சியமாக இருக்கிறது. எண்ணும் கட்டளையும் எம்மொழியிலும் ஒன்றே ஆகையால் நிரலுக்கு இது தடையல்ல. ஆனால் கம்பி அறுந்ததன் காரணத்தை ஆசிரியரோடு விவாதிக்கவும், ஐயத்தைக் கூச்சமின்றிக் கேட்கவும் மனத்துக்கு நெருங்கிய மொழி வேண்டும். ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தயாரிப்பதற்காக 1986-இல் ஜெர்மனியின் ஒத்துழைப்போடு சென்னை கிண்டியில் நிறுவப்பட்ட நிலையம் இன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் நூல்கள் வெளியிடுகிறது. எல்லைப்புற மாணவனின் கையில் தமிழ் நூலையும் மலையாள நூலையும் ஒருசேரக் கொடுப்பது செலவற்ற சீர்திருத்தம்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒயர்கட் வேலைக்கு உடல்வலிமை அதிகம் வேண்டியதில்லை. கவனமும் பொறுமையுமே வேண்டும். முந்திரி ஆலைகளிலும் தறிகளிலும் தலைமுறையாக நுண்ணிய வேலை செய்துவரும் இப்பகுதிப் பெண்கள் இத்தொழிலில் நுழையாமலிருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. மற்றொன்று, வெட்டில் விளையும் சேறு செம்பும் துத்தநாகமும் இரும்புத் துகளும் கலந்தது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள நாட்டில் அதையும் பழைய ஃபில்டரையும் ரெசினையும் புழைக்கடையில் கொட்டுவது குற்றம் என்பதையும் தொழிலோடு சேர்த்தே கற்பிக்கவேண்டும்.

9. முடிவு

மேலே ஆராய்ந்தவற்றால், மூன்று அபிப்பிராயங்களும் ஒரே கல்வியின் மூன்று பகுதிகளைப் பற்றியவை என்பது புலனாகும். பெருநிலையத்தின் கிரமமும், பட்டறையின் மெய்வேலையும், மென்பொருளின் வேகமும் மூன்றும் வேண்டும். ஆனால் அந்த வரிசையில் வேண்டும். முதலில் அளவும் பொருத்தமும், அதன்பின் எஃகின் இயல்பும் சூளையும், மூன்றாவதாகப் பொறியின் காரணகாரியம், நான்காவதாகக் கையால் எழுதும் நிரல், கடைசியில் கணினி. கையால் ஆப்செட்டைக் கணக்கிட்டு ஒரு டையையும் பஞ்சையும் வெட்டி, அவற்றைப் பிரஸ்ஸில் பூட்டித் தகட்டை அடித்துப் பார்த்து, விழுந்த துண்டின் விளிம்பை ஆராயாத மாணவனுக்கு மென்பொருளைக் கொடுப்பது காலத்துக்கு முந்தியது.

இப்பகுதியில் முதல் இரண்டு படிகளும் ஐ.டி.ஐ.க்களில் ஏற்கெனவே கிடைக்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் கிடைக்கவில்லை. இவற்றைத் தருவதற்குப் புதிய பெருநிலையம் கட்டவேண்டியதில்லை. தனுவச்சபுரத்திலும் கோணத்திலும் மாலிப்டினம் கம்பி யந்திரம் ஒவ்வொன்று வைத்து, ஃபிட்டர், மெஷினிஸ்ட் பிரிவுகளை முடித்தவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி நடத்தி, இரு மாநிலத்தாருக்கும் இடத்தில் ஒரு பங்கு ஒதுக்கி, பின்னர் 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் திருவனந்தபுரத்துத் தொழிற்கூடங்களில் ஓராண்டு உதவித்தொகையோடு பழகச் செய்தால் போதும். அவ்வோராண்டில் நிரல் எழுதுவதையும் யந்திரம் ஓட்டுவதையும் இரண்டு ஆட்களுக்குப் பிரித்துக்கொடுக்காமல் ஒருவரே செய்யவேண்டும் என்ற நிபந்தனையைப் பட்டறைகள் ஏற்பது அவசியம். அதனால் ஆரம்பத்தில் வேலை சற்றுத் தாமதிக்கும்; சில பிளாக்குகளும் வீணாகும். அந்த நஷ்டத்தில் பாதியை அரசு தாங்குமாயின் முதலாளிகள் மறுக்கமாட்டார்கள், ஏனெனில் ஒவ்வோர் ஆப்பரேட்டரையும் ஐந்தாண்டு காத்திருந்து உருவாக்கும் இன்றைய முறையில் அவர்கள் சத்தமின்றித் தாங்கிவரும் நஷ்டம் அதனினும் பெரிது.